மண்ணுக்குள் போன இடுப்புக் கிண்ணம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் விசாரித்தார், சாமி கும்பிட வந்தீர்களா, சொந்தக்காரர் வீட்டுக்கா என்று. மேல் பெர்த்தில் பொட்டுத் தூக்கம் இல்லாமல் வந்த எரிச்சலில் இருந்தேன். "ஒருத்தரோட இடுப்பு மூட்டை வாங்கிட்டுப் போக வந்திருக்கேனுங்க" என்றேன். அதற்கப்புறம் லாட்ஜ் வரும் வரை மனிதர் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் மட்டும் இரண்டு தடவை என்னைப் பார்த்துக்கொண்டார்.

சொன்னது பொய்யில்லை. நான் கோயமுத்தூர்க்காரி. அப்பா பம்புசெட் பட்டறை வைத்திருந்தார். கிரீஸ் வாசனையில் வளர்ந்தவள். பதினாலு வருடமாக ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், செயற்கை இடுப்பு மூட்டு செய்கிற கம்பெனியில் டிசைன் வேலை. மூட்டு என்றதும் பயந்துவிட வேண்டாம். தொடை எலும்புக்குள் இறங்குகிற ஓர் உலோகத் தண்டு, அதன் கழுத்தின் மேல் ஓர் உருண்டை, அந்த உருண்டை உட்கார்ந்து சுழல இடுப்புப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்களிடம் கிரைண்டர் என்று சொன்னால் பாதி விளங்கிவிடும். சுழல்வது எதுவும் தேயும், இங்கே தேய்வது கிண்ணம். தேய்ந்த பொடி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உடம்பு கண்டுபிடித்துவிடும். அந்தப் பொடியோடு சண்டைக்குப் போய்ப் பக்கத்திலிருக்கும் எலும்பையும் சேர்த்து அரித்துவிடும். மூட்டு ஆட ஆரம்பிக்கும், மறுபடி ஆபரேஷன். அந்தத் தேய்மானத்தைக் குறைப்பதுதான் என் பிழைப்பு.

எங்களிடம் ஒரு மெஷின் இருக்கிறது. புது டிசைன் எதுவானாலும் அதில் மாட்டி நடக்கவிடுவோம். லட்சக்கணக்கான அடிகள், ராப்பகலாக நடக்கும். ஒரு தடவைகூடத் தரையில் உட்காராது. எங்கள் பக்கத்து ஜனங்கள் சம்மணம் போடுவார்கள், குத்தவைப்பார்கள், தரையில் விழுந்து கும்பிடுவார்கள் என்று இரண்டு வருடமாக மீட்டிங்கில் கத்திக்கொண்டிருக்கிறேன். ரொம்ப மடங்கினால் தண்டின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் இடிக்கும். இடித்ததும் உருண்டை நெம்பிக்கொண்டு பின்விளிம்பில் ஏறும். மொத்தப் பாரமும் அந்த ஒரு விளிம்பில் விழுந்தால் அது தேயாமல் என்ன செய்யும்? கழுத்தைக் கொஞ்சம் ஒல்லியாக்கி, விளிம்பைச் சரிவாக வழித்துவிட்டால் இடிக்காது என்பது என் வரைபடம். என் மேலதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவர் பதில் எப்போதும் ஒன்று: "தரையில் உட்காராதே என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். உட்காராதவருக்கு எதற்கு டிசைன்?" கடைசியாக, ஊருக்குப் போய் வரும்போது அப்படித் தேய்ந்த கிண்ணம் ஒன்றையாவது கொண்டு வா, இல்லையென்றால் இந்த வேலையை மூட்டை கட்டிவிடலாம் என்றார்.

அப்படி ஒரு கிண்ணம் இருப்பதாக சிதம்பரத்திலிருந்து டாக்டர் மாசிலாமணி எழுதியிருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவருக்கு ஒன்பது வருடத்துக்கு முன் வளைகுடாவில் வைத்த மூட்டு ஆடிப்போய், இவர் அதை எடுத்துவிட்டு வேறு வைத்திருக்கிறார். எடுத்த கிண்ணத்தை வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிப்போய்விட்டார்கள். இரும்புத் தட்டில் வைத்து எடுத்த ஒரு போட்டோ மட்டும் அனுப்பியிருந்தார். தட்டின் பளபளப்பில் விளிம்பு சரியாகத் தெரியவில்லை. தெரிந்த மட்டும் எனக்கு டிக்கெட் போடப் போதுமாக இருந்தது.

குளித்து, இரண்டு காபி குடித்து, ஸ்டேஷன் பக்கம் திரும்பி வந்தால் அண்ணாகிராமத்துப் பலாப்பழத்தை வெட்டி வைத்து ஒருவர் சுளை விற்றுக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் டப்பாவில் சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கும் ஒன்றைப் பலா என்று விற்பார்கள், அதை வாங்கிய அன்று நான் அழுதிருக்கிறேன். போகிற வீட்டுக்குக் கொடுக்க ஒரு பை, எனக்கு ஒரு பை வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் என் பை காலி.

பரங்கிப்பேட்டைக்கு முட்லூரில் இறங்கி மாற வேண்டும் என்றார்கள். சிதம்பரம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. தேவனாம்பட்டினத்து அக்கா ஒருவர் ஏறினார், மீன் அன்னக்கூடையைப் படியருகில் வைத்தார், சீட்டைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், கூடை பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் தோளுக்குப் பக்கத்தில். என் தொழில் புத்தி தொடைக்கும் முதுகுக்கும் நடுவே கோணம் போட ஆரம்பித்தது. சீட்டில் உட்காரலாமே அக்கா என்றேன். "இதுதான் எனுக்கு சொகம்" என்றார். மேலதிகாரியைக் கையோடு கூட்டிவந்து இந்த பஸ்ஸில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முட்லூர் வந்தால் எழுப்பச் சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்தேன்.

கண் விழித்தால் சிதம்பரம். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். "நல்லா அசந்து தூங்குனீங்க, எழுப்ப மனசு வரல" என்று சொல்லி இறங்கிப் போனார். ஜெர்மனியிலும் யாரும் எழுப்ப மாட்டார்கள், அதற்குக் காரணம் வேறு. கோபம் வந்தது, ஆனால் யார்மேல் படுவது என்று தெரியவில்லை.

வந்தது வந்தாயிற்று என்று டாக்டர் மாசிலாமணியைப் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதுக்காரர், கையில் எந்நேரமும் ஒரு பேனா, பேசுவதையெல்லாம் படம் போட்டுக் காட்டுகிறார். கீழவீதிப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றச் சொன்னார். கொத்சு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோயமுத்தூரில் நாங்கள் கொத்சு என்று சாப்பிடுவது வேறு ஏதோ. நாலு இட்லியோடு நிறுத்த நினைத்து ஏழில் நிறுத்தினேன்.

சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் இலை ஓரத்தில் தண்ணீரால் கிண்ணம் வரைந்து குண்டைப் போட்டார். எடுப்பதற்கு முன் கிண்ணத்தின் மேல்பக்கம் எது என்று தெரிய ஒரு கீறல் போட்டு வைத்தாராம். அந்த மட்டும் அவர் காலில் விழலாம். ஆனால் நோயாளி ஹாஜா மைதீன், தான் ஒரு நாள்கூடத் தரையில் உட்காரவில்லை, நாற்காலியில்தான் தொழுகிறேன் என்று அடித்துச் சொல்கிறார். "அவரு சொல்றது நெஜம்னா உங்க டிசைன் பேச்சுக்கே எடமில்ல மேடம். மொத ஆபரேஷன்ல கிண்ணத்தைக் கோணலா வெச்சிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார். இடது இடுப்பும் அவருக்குக் கெட்டுக்கொண்டு வருகிறது, இன்னும் சில வருடத்தில் அதையும் மாற்ற வேண்டிவரும் என்றும் சொன்னார். 

மறுநாள் தூங்காமல் முட்லூரில் இறங்கி, மாறி, பரங்கிப்பேட்டை போய்ச் சேர்ந்தேன். காற்றில் உப்பு, ஒவ்வொரு தெருவிலும் வெளிநாட்டுக் காசில் எழும்பிய ஒரு மாடி வீடு. ஹாஜா மைதீனுக்கு அறுபது வயதிருக்கும். முப்பது வருடம் வளைகுடாவில் துணிக்கடையில் நின்று, மூட்டு வைத்ததோடு ஊர் திரும்பியவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். மனைவி ஜுலைகா பலாச்சுளையை வாங்கி முகர்ந்துவிட்டு உள்ளே போனார். ஜுலைகாவின் தம்பி சுல்தான், பர்மா பஜாரில் செல்போன் கடை வைத்திருந்து ஊரோடு வந்துவிட்டவர், எனக்காகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கிண்ணத்தைப் பார்க்க வேண்டும், முடிந்தால் கொண்டுபோக வேண்டும். மச்சானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது மையவாடியில இருக்கும்மா" என்றார் சுல்தான்.

மையவாடி என்றால் அவர்கள் அடக்கம் செய்கிற இடம்.  சுல்தான் பொறுமையாக விளக்கினார். உடம்பிலிருந்து எடுத்தது விரலானாலும் எலும்பானாலும் குப்பையில் போடக் கூடாது, மண்ணில் வைக்க வேண்டும், அது வழக்கம். ஆஸ்பத்திரியில் ஒரு டப்பாவில் எலும்புத் துணுக்கு, உருண்டை, கிண்ணம் எல்லாம் கொடுத்தார்கள். எது மாமிசம், எது கம்பெனி சரக்கு என்று பிரித்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. ஒன்பது வருடம் மச்சானோடு நடந்தது, மச்சானோடு தொழுதது, அதுவும் உடம்புதானே என்று வெள்ளைத் துணியில் சுற்றி, மதில் ஓரமாகக் குழி வெட்டி வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உலகத்தில் எத்தனையோ ஊரில் இப்படி எடுத்த கிண்ணங்களைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். இந்த ஒரு வீட்டில்தான் கஃபன் துணி சுற்றி அடக்கம் செய்திருக்கிறார்கள், என் நேரத்தைப் பார்த்தீர்களா! தோண்டி எடுக்க முடியுமா என்று கேட்கவே நாக்கு எழவில்லை. கேட்டேன். சுல்தான் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்க வேண்டும் என்றார். ஹாஜா வேண்டாம் என்றார். ஒரே வார்த்தை.

ஜுலைகா சாப்பாடு வைத்தார். இடியாப்பம், இறால் ஆனம், பிறகு இனிப்புக்கு வட்லாப்பம். ஆனம் என்றால் குழம்பு. நான் எவ்வளவு கவலையிலும் சாப்பிடக்கூடியவள், அன்றைக்கும் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, கிண்ணம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று உள்ளதைச் சொன்னேன். மெஷின் நடக்க மட்டும் செய்யும், உட்காராது. உட்காருகிறவர்களுக்கு ஏற்றபடி விளிம்பை மாற்ற நான் போட்ட வரைபடம் குப்பைக்குப் போகும். பழைய கிண்ணங்களே இன்னும் பல வருடம் வரும். "நீங்க ஒக்காரவே இல்லீன்னா எனக்கு இங்க வேலையில்லைங்க, சாயங்காலமே கெளம்பிருவேன். அதை மட்டும் சொல்லிருங்க" என்றேன்.

ஹாஜா ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வந்தது சமையலறை வாசலிலிருந்து.

"முசல்லாவ நான்தானேங்க தொவைக்கிறேன்" என்றார் ஜுலைகா. முசல்லா என்றால் தொழுகைக்கு விரிக்கிற விரிப்பு. "நாக்காலியில தொழுவுறவரோட முசல்லா முட்டி படுற எடத்துல தேயுமா? மொதல்ல முட்டி எடத்துல ரெண்டு வட்டம், அப்பறம் நெத்தி எடத்துல ஒண்ணு. ஒம்போது வருஷத்துல மூணு மாத்திட்டேன்."

 ஹாஜாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மனைவிக்குத் தெரியாது என்று ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்த மனிதர். ஆபரேஷன் ஆன கொஞ்ச நாள் நாற்காலியில்தான் தொழுதாராம். முடியாதவருக்கு நாற்காலி போதும், குற்றமில்லை என்று ஹஜ்ரத்தும் சொல்லியிருக்கிறார். இவருக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசலில் நாற்காலி, மற்ற வேளையெல்லாம் கால்வலி என்று சாக்குச் சொல்லித் தனி அறையில் தரை.

"நெத்தி தரையில படலன்னா எனக்குத் தொழுத மாதிரியே இல்லம்மா" என்றார். "டாக்டர் கேட்டப்போ இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். தொழுது தொழுது நானே கெடுத்துக்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? எல்லாத்தையும் மண்ணுல வெச்சிடு மச்சான்னு சொன்னேன். அந்தப் பொய்யும் அதோட போயிடும்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. நெற்றி தரையில் படக் குனிந்ததற்காக ஒரு மனிதன் தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக் குமைந்திருக்கிறான். அந்தக் கிண்ணத்தை வரைந்தவர்கள், என்னைப் போன்றவர்கள், மேஜையில் காபி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறோம். பொறுமையாகப் பேச நினைத்து, என் வழக்கம்போல் சத்தமாகப் பேசிவிட்டேன்.

"நீங்க ஒண்ணும் கெடுக்கலீங்க. மனுசன் எப்படி ஒக்காருவான்னு கேக்காம செஞ்சது நாங்க. நீங்க மடங்குனது தப்பில்ல, மடங்க எடம் விடாதது எங்க தப்பு."

ஹாஜா ஊன்றுகோலை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மறைக்கக் கூடாது என்று தோன்றியது. அளப்போம், படம் எடுப்போம், கடைசியில் மெல்லிசாக வெட்டிக்கூடப் பார்ப்போம் என்றேன். வெட்டுவது என்றதும் சுல்தான் நெளிந்தார். ஹாஜா யோசித்தார். "வெட்டுனாலும் எல்லாத் துண்டும் திரும்பி வரணும். அதே எடத்துல வெக்கணும்" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன். கிளம்பும்போது நோட்டை எடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். அஞ்சு வேளைம்மா என்றார். ஐந்து என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை சுல்தான் ஹஜ்ரத்தின் பதிலோடு வந்தார். எலும்பும் சதையும் மண்ணுக்குச் சொந்தம், பிளாஸ்டிக்குக்கு அந்தக் கடமை கிடையாது, நாலு பேருக்கு உபயோகம் என்றால் தாராளமாக எடுக்கலாம், ஆனால் பக்கத்துக் கபுறுக் குழி எதையும் தொடக் கூடாது, எலும்பைத் திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டும். அந்த மையவாடிக்குள் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. மதிலுக்கு வெளியே, உடைந்த செங்கல் மேல் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஹாஜா உட்கார்ந்திருந்தார். உள்ளே போகக் கூடாது என்று அவருக்கு இல்லை. எனக்குத் துணையாக வெளியே இருந்தார்.

சுல்தான் மண்வெட்டியைத் தூக்கியதும் எனக்கு உயிரே போய்விட்டது. விளிம்பில் ஒரு வெட்டு விழுந்தால் தொழுகைத் தேய்மானம் எது, மண்வெட்டித் தேய்மானம் எது என்று யார் சொல்வது? மதிலுக்கு மேலிருந்து கத்தினேன். ஒரு கொத்தனாரிடம் கொல்லுறு, அதாவது பூசுகிற கரண்டி, வாங்கி வந்தார்கள். அதாலேயே மெதுவாகச் சுரண்டினார். முதல் குழியில் ஒன்றும் இல்லை. அடையாளத்துக்கு வைத்த செங்கல்லை மதில் வேலை பார்த்தவர்கள் நகர்த்திவிட்டார்களாம். இரண்டாவது குழியில் ஒரு வேர். "மச்சான், வேப்பமரத்துக்கு நேரான்னு சொன்னியே" என்று ஹாஜா குரல் கொடுத்தார். வேப்ப மரம் எது என்று சுல்தானுக்கு சந்தேகம் வந்துவிட்டது, அங்கே இரண்டு வேப்ப மரம். வெயில் ஏறியது. என் நாக்கு வறண்டுவிட்டது. பதினாலு வருட வேலை மொத்தமும் இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டதே என்று நொந்துகொண்டேன்.

மூன்றாவது குழியில் வெள்ளைத் துணி தெரிந்தது. நான் பயந்தது, மணல் நேராகப் பட்டுக் கீறியிருக்குமோ என்றுதான். சுல்தான் புண்ணியவான். ஆஸ்பத்திரி டப்பாவைத் திறக்கவே மனமில்லாமல், திருகு மூடியோடு அப்படியே துணியில் சுற்றியிருந்தார். ஒரு மணல்கூட உள்ளே இல்லை. மதிலுக்கு மேலே டப்பாவை நீட்டினார்.

கிண்ணத்தைக் கையுறையோடு எடுத்தேன். ஒரு எலுமிச்சை மூடி அளவுதான். டாக்டர் போட்ட கீறலை மேல்பக்கம் வைத்துத் திருப்பினேன். பூதக்கண்ணாடி எடுக்கவே தேவைப்படவில்லை. முன்விளிம்பில் தண்டின் கழுத்து இடித்து இடித்து நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்கு நேர் எதிரே, பின்விளிம்பில், காகிதம்போல் மெலிந்த ஒரு பட்டை. கோணலாக வைத்த கிண்ணம் இப்படித் தேயாது. நான் மனக்கண்ணால் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே இடம். சந்தோஷத்தில் செங்கல்லிலிருந்து சறுக்கிவிட்டேன், ஹாஜா ஊன்றுகோலை நீட்டிப் பிடித்துக்கொண்டார். கிண்ணத்தை அவருக்குக் காட்டினேன். இந்தப் பள்ளம் குனியும்போது, இந்தப் பட்டை சஜ்தாவில் நெற்றி தரையில் படும்போது என்றேன். தொடாமல், விரலைச் சற்று மேலே வைத்து அந்தப் பள்ளத்தின் ஓரமாக ஓட்டிப் பார்த்தார்.

"இடது பக்கத்துக்குப் புதுசு வருமா?" என்று கேட்டார்.

வரும் என்று சொல்ல எனக்கு ஆசை. டிசைன் சரி என்று மெஷின் சொல்ல வேண்டும், அப்புறம் எத்தனையோ சோதனை, வருடக்கணக்காகும் என்றேன். அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, டாக்டர் சொல்லும்போது செய்துகொள்ள வேண்டும் என்றும் அதட்டிவிட்டு வந்தேன். சரி சரி என்றார், கேட்கிறவர் மாதிரி தெரியவில்லை.

சாயங்காலம் கடலூர் திரும்பினேன். ரயிலுக்கு நேரம் இருந்தது; செம்மண்டலத்தில் ஒரு லேத் பட்டறையைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. மேஜை விளக்கு ஒரு நிமிஷம் வேண்டும் என்று கேட்டு, நல்ல வெளிச்சத்தில் நாலு போட்டோ எடுத்தேன். பட்டறைக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "எந்த வண்டி புஷ்ஷுங்க இது? விளிம்புல மட்டும் தேஞ்சிருக்கு. ஷாஃப்ட் இடிக்குது பாருங்க, கொஞ்சம் சரிவு குடுத்தா சரியாப் போயிடும்" என்றார். இரண்டு வருட மீட்டிங்கில் எனக்குக் கிடைக்காத பதில்.

ஜெர்மனிக்கு வந்ததும் மேலதிகாரி பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். சரி, மெஷினில் இதைத் திரும்பச் செய்து காட்டு என்றார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மாட்டினோம்: பழைய மாதிரிக் கிண்ணம் ஒன்று, நான் விளிம்பு வழித்த கிண்ணம் ஒன்று. மெஷினுக்குப் புதிதாகக் குனியச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் அளவு நடை, அதற்கு நடுவே ஐந்து தடவை நெற்றி தரையில் படும் அளவுக்கு மடங்கி எழுவது. ஒன்பது வருடக் கணக்கு மாதக்கணக்கில் ஓடியது. திறந்து பார்த்தால் இரண்டு கிண்ணமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பழையதன் விளிம்பில் லேசான ஒரு மினுமினுப்பு, அவ்வளவுதான். மேலதிகாரி திட்டவில்லை. தோளைத் தட்டிவிட்டுப் போனார், திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஹாஜாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீடியோவில் கூப்பிட்டேன். நாற்காலியில் அவர், பின்னால் ஜுலைகா, ஓரத்தில் சுல்தானின் பாதி முகம். தோற்றுப்போனதைச் சொல்லி, மெஷின் எப்படிக் குனிகிறது என்று ஓட்டிக் காட்டினேன். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"அம்மா, ஒரு நாளைக்கு இது எத்தனை சஜ்தா செய்யுது?"

"அஞ்சுங்க. நீங்கதானே சொன்னீங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஜுலைகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஹாஜா விரல் விட்டார்.

"அஞ்சு வேளைம்மா. வேளைக்கு ஒரு தடவையா குனிவாங்க? சுபுஹு ரெண்டு ரக்அத்து, அதாவது ரெண்டு சுத்து, லுஹர் நாலு, அஸர் நாலு, மஃரிபு மூணு, இஷா நாலு. பதினேழு. ஒரு ரக்அத்துக்கு ரெண்டு சஜ்தா. முப்பத்தி நாலு ஆச்சா? இது கட்டாயம் மட்டும், அதுக்கு மேல தொழுவுற சுன்னத்துத் தொழுகை தனி."

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மனுசன் எப்படி உட்காருவான் என்று கேட்காமல் செய்தது எங்கள் தப்பு என்று அந்தக் கூடத்தில் நின்று அவ்வளவு சத்தமாகப் பேசியவள் நான். கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு பள்ளிவாசல் பார்த்து வளர்ந்தவள், ஐந்து வேளை பாங்கு சத்தம் கேட்டு வளர்ந்தவள். ஒரு வேளையில் எத்தனை தடவை நெற்றி தரையில் படும் என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. ஒன்பது வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. நான் அதில் ஆறில் ஒரு பங்குகூட ஓட்டவில்லை.

குனிவதை மட்டும் மீதிக் கணக்குக்கு ஓட்ட அதிக நாள் ஆகவில்லை. திறந்த அன்று மேலதிகாரியும் பக்கத்தில் நின்றார். பழைய மாதிரிக் கிண்ணத்தின் முன்விளிம்பில் ஒரு பள்ளம், நேர் எதிரே மெலிந்த ஒரு பட்டை. மையவாடியிலிருந்து வந்ததைப் பக்கத்தில் வைத்தோம், இரட்டைப் பிள்ளைகள். என் கிண்ணத்தின் விளிம்பில் எங்கேயும் இடித்த தடமே இல்லை. மேலதிகாரி என் நோட்டை இழுத்து, வட்டம் போட்ட ஐந்தை அவரே அடித்துவிட்டு முப்பத்துநாலு என்று எழுதினார். இனி எந்த டிசைன் வந்தாலும் மெஷின் இப்படியும் ஓடும் என்றார்.

போட்டோவைப் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பினேன். ஹாஜாவின் குரல்பதிவு வந்தது. இடது கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கிண்ணத்துத் துண்டுகளை மெதுவாக அனுப்பினால் போதும், வெட்ட வேண்டியதையெல்லாம் வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ரமலான்ல ராத்தொழுகை இருபது ரக்அத்து ஜாஸ்தி வரும்மா. அதையும் போட்டுட்டீங்களா?"

மெஷினை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தேன்.